கேசிங்கோடு வரும் 500 வாட்ஸ் பவர் சப்ளை போதுமாம்!

உப்புவெளிக்காரன்:
முதல் கேமிங் பிசி எடுக்க 150,000 ரூபாய்தான் இருக்கிறது, என்ன பார்ட்ஸ் போடலாம் என்று மூதூர்த் தம்பி ஒருவர் நேற்றுக் கேட்டிருந்தார். அதற்குக் கிண்ணியா நானா சொன்ன பதில்: "கேசிங்கோடு வரும் 500 வாட்ஸ் சப்ளையே தாராளம், அந்தக் காசையும் விஜிஏக்கு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போடு." இதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பொடியன்களின் போர்டுகள் எரிகின்றன.

அந்தச் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளை யாராவது வாசித்தீர்களா? மேலே 500 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. கீழே +12வி (12 வோல்ட்) கட்டத்தில் 18ஏ (18 ஆம்பியர்) என்று பொடி எழுத்து. 12ஐ 18ஆல் பெருக்குங்கள், 216 வாட்ஸ்தான். சிபியுவும் விஜிஏயும் இழுப்பது அந்த 12 வோல்ட்டில்தான். மற்ற லைன்களில் எத்தனை வாட்ஸ் எழுதியிருந்தாலும் கேமுக்கு உதவாது.

கிண்ணியா நானா:
தம்பி, நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே நான் பிசி பொருத்திக் கொடுத்தவன். நான் சொன்னது ஐ3 12100எஃப், 16 ஜிபி ராம், செகண்ட் ஹேண்ட் 1660 சூப்பர் விஜிஏ. கார்டுக்கு 125 வாட்ஸ், சிபியுக்கு 58. கூட்டினால் 183. நீங்கள் சொன்ன 216க்குள்ளேதானே வருகிறது? பிறகு எதற்கு இவ்வளவு சத்தம்?

உப்புவெளிக்காரன்:
58 என்பது பேஸ் பவர், சாதாரண வேகத்தில் இழுப்பது. வேகம் ஏறும் டர்போவில் 89 என்று இன்டெல்லே எழுதி வைத்திருக்கிறது. 89உம் 125உம் 214. மிச்சம் 2 வாட்ஸ். கேசிங் ஃபேன்கள் காற்றிலா ஓடும்? அதுவும் அந்த 18ஏ உண்மையாக இருந்தால்தான். நீங்கள் போடும் சப்ளையின் லேபிளைப் படம் எடுத்துப் போடுங்கள் நானா. வேறொன்றும் கேட்கவில்லை.

ஓர்ஸ் ஹில் கேமர்:
இவ்வளவு சண்டை எதற்கு? இப்போதைக்கு விஜிஏயே வேண்டாம். கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5600ஜி சிபியு, ஏ520 போர்ட், 8 ஜிபி ராம் இரண்டு. வலோரன்ட், ஜிடிஏ 5 எல்லாம் ஓடும். காசு சேர்ந்த பிறகு கார்ட் போடலாம். ராம் மட்டும் கட்டாயம் இரண்டாகப் போடவேண்டும். உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் ராமைத்தான் பங்கு போடுகிறது, ஒன்று மட்டும் என்றால் வேகம் அதிலேயே நன்றாகக் குறைந்துவிடும்.

உப்புவெளிக்காரன்:
நல்ல யோசனைதான். ஆனால் சப்ளை? காசு சேர்ந்து கார்ட் போடுகிற அன்றைக்கும் அதே 18ஏதானே உள்ளே இருக்கும்? அதனால்தான் முதலிலேயே சப்ளையைச் சரியாக எடு என்கிறேன். ஒழுங்கான 550 வாட்ஸில் 12 வோல்ட் லைன் மட்டுமே 40ஏயைத் தாண்டும். அடுத்த கார்டுக்கும் அதற்கடுத்த கார்டுக்கும் அதுவே ஓடும்.

ஓர்ஸ் ஹில் கேமர்:
நான் ராம் பற்றிச் சொன்னேன், நீங்கள் திரும்பவும் சப்ளைக்கே போகிறீர்கள்.

மூதூர்ப் பொடியன்:
கேட்டது நான்தான் அண்ணா. 80 பிளஸ் ஸ்டிக்கர் இருந்தால் சரிதானே?

உப்புவெளிக்காரன்:
இல்லை தம்பி. 80 பிளஸ் என்றால் சுவரில் இருந்து எடுக்கும் கரண்டில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்ற கணக்கு மட்டும்தான். வோல்ட்டேஜ் ஏறினால் தானாக நிற்குமா, ஷோர்ட் ஆனால் நிற்குமா என்பதை அந்த ஸ்டிக்கர் சொல்லாது. ஓவிபி (வோல்ட்டேஜ் ஏறினால் நிற்பது), ஓசிபி (கரண்ட் கூடினால் நிற்பது), எஸ்சிபி (ஷோர்ட் ஆனால் நிற்பது) இருக்கிறதா, எத்தனை வருட வாரண்டி என்று பாருங்கள். முதலில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள்.

நிலாவெளி மாமா:
கரண்ட் போனால் பற்றரியில் ஓட்டும் யூபிஎஸ் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனது மறந்துவிட்டதா? இங்கே ஐப்பசி இடி மின்னல் வேறு. முதலில் ஒரு 650 விஏ யூபிஎஸ் எடுங்கள், மற்றதைப் பிறகு பேசுங்கள்.

கிண்ணியா நானா:
மாமா சொல்வது சரி. உப்புவெளித் தம்பி ஒன்றை மட்டும் மறைக்கிறார். அவர் சொல்லும் நல்ல சப்ளை எல்லாம் ஆக்டிவ் பிஎஃப்சி, கரண்ட் இழுப்பதைத் தானே சீராக்கும் சர்க்கியூட் உள்ளவை. மலிவு யூபிஎஸ் பற்றரிக்கு மாறும்போது தருவது சைன் வேவ், அதாவது லைன் கரண்டைப் போன்ற சீரான அலை இல்லை. சில சப்ளைகள் அதில் நின்றே போய்விடும். அப்படியென்றால் யூபிஎஸ்ஸையும் விலை கூடியதாக எடுக்கவேண்டும். 150,000க்குள் இதெல்லாம் எங்கே அடங்கும்? கணக்குப் போடுங்கள் எஞ்சினியர் ஐயா.

உப்புவெளிக்காரன்:
மாமா, 650 விஏ என்றால் 650 வாட்ஸ் இல்லை. பெரும்பாலும் 400க்கும் கீழே. நானா, எல்லாம் நிற்காது, சில நிற்கும், அவ்வளவுதான். உங்கள் 18ஏ சப்ளை யூபிஎஸ் இல்லாமலேயே நிற்கும். லேபிள் படம் எங்கே?

கிண்ணியா நானா:
என் லேபிளை உங்களுக்கு ஏன் காட்டவேண்டும்? நீங்கள் விற்ற ஆர்எக்ஸ் 580 கார்டை முதலில் காட்டுங்கள். 580 என்று நம்பி என் மருமகன் வாங்கினான். போட்டுப் பார்த்தால் 2048எஸ்பி, படம் வரையும் ஷேடர் 2048தான். உண்மையான 580இல் 2304 ஷேடர். அது 580க்குக் கீழான 570 கார்டின் வேலைதானே? லேபிள் லேபிள் என்று கத்துகிறவர் அந்த லேபிளை வாசிக்கவில்லையா?

உப்புவெளிக்காரன்:
பெட்டியிலேயே 2048எஸ்பி என்று போட்டிருந்தது. மருமகனிடம் வாயாலும் சொன்னேன். விலையும் குறைத்துத்தான் கொடுத்தேன். அந்தக் கார்ட் இன்றைக்கும் ஓடுகிறது, ஏனென்றால் அவன் சப்ளையை மாற்றிவிட்டுத்தான் போட்டான். யார் சொல்லி மாற்றினான் என்று கேளுங்கள்.

கிண்ணியா நானா:
அவன் மாற்றியது பழையது சத்தம் போட்டதால்.

உப்புவெளிக்காரன்:
ஏன் சத்தம் போட்டது?

ஓர்ஸ் ஹில் கேமர்:
1660 சூப்பர் வாங்கச் சொல்கிறீர்களே, அதில் பல கிரிப்டோ காசு எடுக்கும் மைனிங்கில் இரவு பகலாக ஓடியவை. 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ காசின் மைனிங் நின்றதும் சந்தைக்கு வந்த கார்டுகள். ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள், கடகடவென்றால் விட்டுவிடுங்கள். கடற்கரைப் பக்கம் கிடந்த கார்ட் என்றால் பின்பக்கத் தகட்டில் துரு இருக்கும். நம் ஊரில் அதையும் பார்க்கவேண்டும்.

நிலாவெளி மாமா:
கொழும்பு பம்பலப்பிட்டிக்குப் போய் எடுத்தால் இந்தப் பிரச்சினை ஒன்றும் இல்லை. புதிதாகவே கிடைக்கும், விலையும் குறைவு.

கிண்ணியா நானா:
குறைவுதான். வாரண்டிக்குப் போர்டை மடியில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் யார் போவது, நீங்களா? ஊர்க்காரனிடம் எடுத்தால் பின்னேரமே கொண்டுவந்து கொடுக்கலாம். கொழும்பு கொழும்பு என்று ஓடித்தான் இங்கே ஒருவரும் நல்ல சாமான் இறக்குவதில்லை.

நிலாவெளி மாமா:
ஊரில் நல்ல சாமான் இருந்தால் நான் ஏன் கொழும்புக்கு ஓடுகிறேன்?

மூதூர்ப் பொடியன்:
அப்போது 12100எஃப்பா, 5600ஜியா?

உப்புவெளிக்காரன்:
எதை வேண்டுமானாலும் எடுங்கள் தம்பி. 12100எஃப் எடுத்தால் கார்ட் இல்லாமல் படமே வராது, அதை மட்டும் மறக்காதீர்கள். ஆனால் கேசிங்கோடு வரும் சப்ளையைக் கழற்றிக் கடையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். வெறும் கேசிங் தரச் சொன்னால் விலையும் குறையும்.

கிண்ணியா நானா:
குறையாது. எங்கே குறைத்தார்கள், கடையைச் சொல்லுங்கள்.

உப்புவெளிக்காரன்:
நீங்கள் லேபிளைப் போடுங்கள், நான் கடையைச் சொல்கிறேன்.

கிண்ணியா நானா:
580 கணக்கை முடித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.