கீற்று ஊறும் குட்டை

பழங்காலத் துறவிகளின் சொல்லும் செயலும் தங்கள் அன்றாட வாழ்க்கையில் என்ன செய்தன என்று மூன்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து:

வனத்து அந்தோணியார் என்றால் சின்ன வயதில் எனக்கு மாடுகள்தான் ஞாபகம் வரும். அவர் திருநாள் ஜனவரி 17, பொங்கல் முடிந்த கையோடு வந்துவிடும். மாடுகளைக் குளிப்பாட்டிக் கோயிலுக்கு ஓட்டிப்போய்த் தீர்த்தம் தெளித்து வாங்கி வருவோம். அவர் எகிப்தின் பாலைவனத்தில் ஓலை பின்னிப் பிழைத்த துறவி என்பது ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததில் எங்கள் தென்னந்தோப்பு படுத்துவிட்டது. புதிதாகக் கன்று வைத்தோம். ஆனால் நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அதுவரை என்ன செய்வது? எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. பத்து மணிக்கே செல்போனில் மணி பார்ப்பேன். திருப்பூருக்குப் போய்விடலாமா என்று யோசிப்பேன். ஜெபமாலையை எடுத்தால் அதன் இரண்டாவது பகுதியான இரண்டாவது மறைபொருளுக்குள் கண் சொக்கும்.

தவக்காலத் தியானத்தில் ஒரு சாமியார் எவாகிரியுஸ் என்பவரைப் பற்றிப் பேசினார். நாலாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த துறவி. துறவிகளை அலைக்கழிக்கும் எட்டு எண்ணங்களை வரிசைப்படுத்தியவர். அதில் ஒன்றை ‘நண்பகல் பேய்’ என்பார். அது பிடித்தால் சூரியன் நகராதது போல இருக்கும், கண் ஜன்னலுக்கே ஓடும், இருக்கும் இடமும் செய்யும் வேலையும் கசந்துபோகும், வேறு எங்காவது போனால் நன்றாயிருக்கும் என்று தோன்றும். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. என் பிரச்சினைக்கு ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் பெயர் வைத்திருக்கிறார்!

அந்தோணியாருக்கும் இந்தச் சோர்வு வந்ததாம். ஒருநாள் தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு பின்னுவதையும், எழுந்து ஜெபிப்பதையும், மறுபடி உட்கார்ந்து பின்னுவதையும் கண்டார். இப்படியே செய், மீட்படைவாய் என்று குரல் கேட்டது. அவ்வளவுதான் வைத்தியம்.

எங்கள் அத்தை கீற்றுப் பின்னுகிறவர். மட்டையை நடுவில் இரண்டாகக் கிழித்துக் குட்டையில் ஊறப்போடுவார். ஊறியதை எடுத்துத் தரையில் போட்டு, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, ஓலையை ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாக மடக்குவார். வாய்க்குள் ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ ஓடிக்கொண்டே இருக்கும். கோயில் மணி அடித்தால் எழுந்து, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் சொல்லும் திரிகால ஜெபத்தைச் சொல்லிவிட்டு மறுபடி உட்காருவார். முப்பது வருடமாக என் கண்ணெதிரே நடக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. சரி என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் வாரம் பின்னியதெல்லாம் கோணல். இன்றும் பத்து மணி வந்தால் கை செல்போனைத் தேடும். ஆனாலும் எழுந்து போவதில்லை.

கும்பகோணத்திலிருந்து:

எங்கள் சபையில் பண்டிகைக் கணக்கில் குழப்பம் வந்து, பொருளாளர் மேல் பழி விழுந்தது. அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். ஆரம்ப ஜெபத்துக்கு முன் வயதான உபதேசியார் ஒரு சம்பவம் சொன்னார். அந்தக் காலத்தில் எகிப்தின் ஸ்கேத்தே பாலைவனத்தில், தவறு செய்த ஒரு சகோதரத் துறவியை விசாரிக்கத் துறவிகள் கூடினார்கள். மோசே என்ற மூத்த துறவிக்கும் ஆள் அனுப்பினார்கள். அவர் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பித் தூக்கிக்கொண்டு வந்தார். என்ன இது என்று கேட்டதற்கு, என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகுகின்றன, எனக்குத் தெரியவில்லை, நான் இன்னொருவன் குற்றத்தை விசாரிக்க வந்திருக்கிறேன் என்றார்.

நான் அந்தத் தாளை வெளியே எடுக்கவில்லை. கணக்கைச் சரிபார்த்தோம், அதை விட்டுவிடக் கூடாது. மோசே கதையைச் சொல்லித் தணிக்கையை மூடிவிடுகிற ஆட்களும் உண்டு, அது ஏழைகளின் காணிக்கைக்குச் செய்யும் துரோகம். ஆனால் அன்றைக்கு யாரும் குரலை உயர்த்தவில்லை. விடுபட்டிருந்த ரசீதுப் புத்தகத்தைப் பொருளாளரே வீட்டிலிருந்து எடுத்து வந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை.

மன்னார்குடியிலிருந்து:

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி மடத்து வாழ்க்கைக்காக எழுதிய ஒழுங்கு நூலில் 73 அத்தியாயங்கள். 31-வதில், மடத்தின் பாத்திரம் பண்டங்களைப் பீடத்தின் புனிதப் பாத்திரங்களைப் போலப் பார்க்க வேண்டும் என்கிறார். அதைப் படித்த பிறகு மண்வெட்டியைச் சேற்றோடு வரப்பில் போட்டு வருவதை விட்டுவிட்டேன்.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து, மறுபடி:

ஒன்று விட்டுப்போயிற்று. அரச குமாரர்களுக்கு ஆசிரியராக இருந்து பிறகு துறவியான அர்சேனியுஸ், ஓலை ஊறும் தண்ணீரை வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றுவாராம். அரண்மனையில் அனுபவித்த வாசனைக்கு ஈடாக அந்த நாற்றத்தைத் தாங்கினாராம். குட்டை நாறும்போது இதை அத்தையிடம் சொன்னேன், தண்ணீரை இறைத்து ஊற்றட்டுமா என்றும் கேட்டேன். குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: “நாளைக்குப் பின்ன வேண்டியது இன்னும் ஊறலப்பா, இருக்கட்டும்.”