மார்பெலும்புக்குப் பதிலாகக் கொடையாளரின் எலும்பு: சில ஐயங்கள்

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 34 வயதான என் தங்கைக்கு மார்பெலும்பின் கீழ்ப்பகுதியில் ஒரு கட்டி இருக்கிறது. பயாப்ஸியில் அது காண்ட்ரோசார்கோமா, அதாவது குருத்தெலும்பில் தோன்றும் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் இது எளிதில் அடங்காது என்பதால், மார்பெலும்பின் கீழ்ப்பாதியையும் அதனோடு இணைந்த விலாக் குருத்தெலும்புகளையும் அகற்ற வேண்டும் என்கிறார் அறுவை மருத்துவர். அகற்றிய இடத்தில், இறந்த கொடையாளர் ஒருவரிடமிருந்து பெற்றுத் திசு வங்கியில் பாதுகாத்து வைத்திருக்கும் எலும்பைப் பொருத்தி, அதன் மேல் தங்கையின் தசையையே கொண்டுவந்து மூடப்போவதாகவும் சொன்னார்.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களைப் போல இவளும் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்ள வேண்டியிருக்குமா? டைட்டானியம் தகடு கிடைக்கும்போது பிறருடைய எலும்பு எதற்கு? அவளுடைய இரத்தப் பிரிவு ஓ நெகட்டிவ். எலும்புக்கும் இரத்தப் பிரிவு பார்க்க வேண்டுமா? எங்கள் அம்மா "இறந்தவர் எலும்பா?" என்று கேட்டதோடு சரி, இரண்டு நாட்களாக அதிகம் பேசவில்லை.

வேப்பநிழல் எழுதியது:

தம்பி, நெஞ்சறுவை அரங்கில் நீண்ட காலம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதல் அச்சத்தை முதலில் விடுங்கள். சிறுநீரகம் உயிருள்ள உறுப்பு; பொருத்திய பிறகும் அதன் செல்கள் உயிரோடு இருந்து வேலை செய்தாக வேண்டும் என்பதால்தான் உடல் அதை எதிர்க்காதபடி மருந்து கொடுக்கிறார்கள். திசு வங்கி எலும்பின் நிலை வேறு. எலும்புக்குள் இருக்கும் மச்சையையும் (மஜ்ஜை) கொழுப்பையும் கழுவி நீக்கி, உறையவைத்தோ ஈரம் நீக்கி உலர்த்தியோ, பெரும்பாலும் காமா கதிரால் நுண்ணுயிர் நீக்கம் செய்து வைப்பதால், அதில் உயிருள்ள செல் ஏதும் எஞ்சுவதில்லை. கட்டடம் எழுப்பும்போது நிறுத்தும் சாரத்தைப் போன்றது மட்டுமே அது. தங்கையின் சொந்த எலும்புச் செல்களும் இரத்தக் குழாய்களும் ஓரங்களிலிருந்து மெல்ல மெல்ல அதற்குள் ஊர்ந்து சென்று, பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டும். இதற்கு மாதங்கள் அல்ல, ஆண்டுகள் ஆகும். பெரிய துண்டென்றால் நடுப்பகுதி பழையபடியே இருந்துவிடுவதும் உண்டு. ஆகவே எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து இதற்குத் தேவைப்படுவதில்லை.

நம் நாட்டுக்கு இது புதிதும் அல்ல. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இப்படிக் கதிரூட்டிய திசுக்களைப் பதப்படுத்தி வருகிறது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டமும் 2011இல் திருத்தப்பட்டு, திசுக்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. கொடையாளரின் இரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய் ஆகியவற்றுக்கான சோதனைகள் முடிந்த பின்னரே எலும்பு வெளியே வரும். எலும்பை எடுத்த பிறகு கொடையாளரின் உடலை முறையாகச் சீரமைத்துத் தைத்துத்தான் குடும்பத்தாரிடம் ஒப்படைப்பார்கள் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். அவருடைய மௌனத்துக்குக் காரணம் ஒருவேளை அந்த நினைப்பாகவும் இருக்கலாம்.

மேலமாசிவீதி எழுதியது:

நான் நோயாளியாக இருந்தவன். மருத்துவம் படித்தவன் அல்லன். எனக்கு நான்கு விலா எலும்புகளை எடுத்துவிட்டுச் செயற்கை வலையையும் எலும்புச் சிமெண்டையும் சேர்த்து வைத்தார்கள். இரண்டாம் மாதம் அதில் கிருமித்தொற்று ஏற்பட்டு, எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குள் அடியில் தடித்த வடுத்திசு உருவாகியிருந்ததால் நெஞ்சு உள்ளே அமுங்கவில்லை, பிழைத்தேன். ஆகவே செயற்கைப் பொருளைவிட மனித எலும்பே மேல் என்பது என் கருத்து.

நெஞ்சறைக்குறிப்பு எழுதியது:

நெஞ்சறுவைத் துறையில் பணியாற்றும் மருத்துவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். மேலே எழுதிய நண்பரின் துன்பம் உண்மையானது. ஆனால் அதிலிருந்து அவர் வந்தடைந்த முடிவை அப்படியே ஏற்க இயலாது. கொடை எலும்பிலும் தொற்று வரும். இரத்த ஓட்டமில்லாத எந்தப் பொருளும், அது எலும்பானாலும் உலோகமானாலும், கிருமிக்கு இடம் கொடுக்கும். அதைத் தடுப்பது மேலே போர்த்தும் உயிருள்ள தசைதான். மார்பின் முன்புறத்துக்கு மார்புத்தசையையோ முதுகின் அகன்ற தசையையோ அதன் இரத்தக் குழாயோடு திருப்பிக் கொண்டுவருவோம். அவை எட்டாத இடத்துக்கு வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையையும் பயன்படுத்துவதுண்டு. உங்கள் மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த எலும்பு என்பதன்று, எந்தத் தசை என்பதே.

டைட்டானியமா எலும்பா என்று எதிரெதிராக வைப்பதும் பொருந்தாது. கொடை எலும்பை இரு பக்க விலாக்களோடு பிணைப்பதே பெரும்பாலும் டைட்டானியத் தகடுகளும் திருகுகளும்தான். சிறிய இடைவெளியை, சுமார் 5 சென்டிமீட்டருக்குள் இருந்தால், தசையால் மட்டுமே மூடிவிடலாம். மார்பெலும்பின் பாதி போனால் அது போதாது. மூச்சை உள்ளிழுக்கும்போது அந்த இடம் வெளியே எழும்புவதற்கு மாறாக உள்ளே குழிந்து, இருமவும் சளியை வெளியேற்றவும் முடியாமல் நோயாளி வென்டிலேட்டரிலேயே தங்கிவிட நேரும். அங்கே விறைப்பான, ஆனால் நெஞ்சுக்கூட்டின் வளைவோடு ஒத்துப்போகும் ஒன்று தேவை. கொடையாளரின் மார்பெலும்பையே விலாக் குருத்தெலும்புகளோடு எடுத்துப் பொருத்தினால் அந்த வளைவு இயல்பாகவே அமைகிறது; பெரிய மார்பெலும்புக் கட்டியை அகற்றியபின் இப்படிச் செய்ததை இத்தாலியின் பாதுவா நகர மருத்துவர்கள் 2010இல் வெளியிட்டார்கள். இதற்கும் விலை உண்டு. கதிரூட்டுவதால் எலும்பின் வலிமை ஓரளவு குறைகிறது, தேவையான அளவில் கொடை எலும்பு எப்போதும் கிடைப்பதில்லை.

இரத்தப் பிரிவைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. ஏ, பி, ஓ பொருத்தம் பொதுவாகப் பார்ப்பதில்லை. ஆனால் மச்சையைக் கழுவாமல் உறையவைத்த எலும்பில் சிவப்பணுக்கள் எஞ்சியிருக்கலாம். கொடையாளர் பாசிட்டிவாக இருந்தால், நெகட்டிவ் பிரிவுப் பெண்ணின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கிப் பின்னாளில் கருவுறும்போது சிக்கல் தரக்கூடும். எனவே தங்கைக்கு வைக்கப்போவது எவ்வகையில் பதப்படுத்திய எலும்பு, அந்த எதிர்ப்பொருள் உண்டாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படுமா என்று கட்டாயம் கேளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டியைச் சுற்றிச் சில சென்டிமீட்டர் அகலத்துக்கு நல்ல திசுவோடு சேர்த்து எடுப்பதில்தான் அவளுடைய உயிர் இருக்கிறது. நிரப்புவது கடினம் என்பதற்காக வெட்டுவதைச் சுருக்கிவிடக் கூடாது.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று மருத்துவரைச் சந்தித்தோம். மச்சை முழுவதும் கழுவி நீக்கிக் கதிரூட்டிய எலும்பு என்றும், இருபக்க மார்புத்தசைகளைக் கொண்டே மூடப்போவதாகவும் சொன்னார். ஆன்டி-டி பற்றி இரத்த வங்கி மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வாராம். அம்மாவும் உடன் வந்திருந்தார். கொடுத்தவர் யார் என்று கேட்டார், சொல்வதற்கு விதி இல்லை என்றதும், "அவர் பெயரில் ஒரு நாள் அன்னதானம் செய்ய முடியாதா?" என்று கேட்டார். பெயர் தெரியாமலேயே செய்யலாம் என்று மருத்துவர் சொன்னார். அடுத்த வாரம் அறுவை சிகிச்சை.