தமிழ் உரை லைப்ரரிகளுக்கு ஒரு பட்டியல்: கமிட் நின்றுபோனதை வெட்டுவதா, வைப்பதா?

கொம்புக்கால்:
தமிழ் உரையைக் கையாளும் திறமூல லைப்ரரிகளுக்கு ஒரு பட்டியல் தொடங்கும் எண்ணம். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் சிந்த்ரே சோர்ஹஸ் 2014ல் தொடங்கிய 'ஆசம்' பட்டியலின் பாணிதான்: ஒரு ரீட்மீ (முகப்புக் கோப்பு), அதில் தலைப்புவாரியாகப் பெயர், இணைப்பு, ஒரு வரி விளக்கம். இரண்டே விதி. திறமூல லைசென்ஸ் இருக்க வேண்டும். கடைசி 18 மாதத்தில் ஒரு கமிட்டாவது (நிரலில் பதிவான மாற்றம்) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீக்கம். ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பழையகோப்பு:
அந்த 18 மாதத்தை முதல்ல எடுங்கோ. பாமினி, டிஸ்கி எண்ட பழைய எழுத்துருக் குறியாக்கங்களை யூனிகோடுக்கு மாத்துற லைப்ரரிக்குப் புதுக் கமிட் எதுக்கு? எந்தக் குறிக்கு எந்த எழுத்து எண்ட அட்டவணைகள் இனி மாறப்போறதில்லை. இலங்கையில கனக்கக் கோப்பு இன்னும் பாமினியிலதான் கிடக்கு. அதை மாத்துற கருவிகளைத் தேதி பாத்து வெட்டினால், உங்கட பட்டியலைத் தேடி வாறவனுக்கு என்ன மிஞ்சும்?

கொம்புக்கால்:
அட்டவணை மாறாது. சுற்றியிருக்கும் பைத்தான் மாறுகிறதே. பைத்தான் 2க்கு ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்தது. அந்தக் காலத்து கன்வெர்ட்டர்களில் பைட்டும் சரமும் ஒன்று என்று நினைத்து எழுதிய இடங்கள் 3ல் அப்படியே விழும். 3.12ல், பழைய லைப்ரரிகளை நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸையும் தூக்கிவிட்டார்கள். கமிட் இல்லை என்றால் இதையெல்லாம் யாரும் கவனிக்கவில்லை என்றுதானே பொருள்?

வெள்ளம்_சோதனை:
ரெண்டு பேரும் தேதியையே பிடிச்சுத் தொங்குறீங்க. கிட்ஹப் ஏபிஐ (நிரல்வழியா தகவல் கேட்கிற வழி) தர்ற 'கடைசி புஷ்' நேரம் எந்தக் கிளைக்கு மாற்றம் ஏத்தினாலும் மாறும். சார்பு லைப்ரரிகளைப் புதுப்பிக்கிற டிபென்டபாட் தானா ஒரு கிளை திறந்தாலே செத்த ரெப்போவும் (நிரல் கிடங்கு) உயிரோட இருக்கிற மாதிரி தெரியும். ஓட்டிப் பாருங்க, அதுதான் அளவுகோல்.

எழுத்து எண்ணுறதுல ஆரம்பிங்க. 'தமிழ்' நீளம் கேட்டா, உயிர்க்குறியையும் புள்ளியையும் தனியா எண்ணி பைத்தான் 5ன்னு சொல்லும், எழுத்து 3. ஓப்பன்-தமிழ் லைப்ரரியில இருக்கிற எழுத்துப் பிரிப்பான் 3 தரும். எந்த லைப்ரரி 5 தருதோ அதை 'எழுத்துக் கருவி'ன்னு பட்டியல்ல போடாதீங்க.

அடுத்து 'கொ'. ஒகரக் குறியை ஒரே குறியீடா அடிச்சா மொத்தம் 2. கொம்பையும் காலையும் தனித்தனியா அடிச்சா 3. திரையில வித்தியாசமே தெரியாது, தேடினா மட்டும் கிடைக்காது. என்எஃப்சிங்கிற யூனிகோடு சீராக்கத்தை ஓட்டினா ரெண்டும் ஒண்ணாயிடும். ஆனா 'கௌ'வுல கடைசிக் குறிக்குப் பதிலா ளகரத்தை அடிச்சிருந்தா என்எஃப்சி அதைத் தொடாது, ஏன்னா அது வேற எழுத்து. இதைத் திருத்துறேன்னு சில பேர் 'கொம்பு + ள' வந்த இடத்திலெல்லாம் ஔகாரக் குறியைப் போட்டுடுவாங்க. 'வெள்ளம்' போச்சு, 'தெளிவு' போச்சு. நார்மலைசர்னு (சீராக்கி) பேர் வெச்ச எல்லாத்துக்கும் இந்த ரெண்டு சொல்லையும் கொடுத்துப் பாருங்க.

சொல் பிரிக்கிறதுல இன்னும் மோசம். பைத்தானோட சாதா ரெகெக்ஸ்ல (வடிவம் வெச்சுத் தேடுறது) 'சொல் எழுத்து'ங்கிற வகைக்குள்ள உயிர்க்குறியும் புள்ளியும் வராது. 'தமிழ்'ங்கிறது 'தம', 'ழ'ன்னு ரெண்டு துண்டாகும். மெஷின் லேர்னிங் லைப்ரரியான சைகிட்-லேர்னோட, சொல் எண்ணுற கவுன்ட்வெக்டரைசர் ரெண்டு எழுத்துக்குக் குறைஞ்சதை எறிஞ்சுடும், அதனால 'தம' மட்டும்தான் மிஞ்சும். பிழைச்செய்தி ஒண்ணும் வராது. அதுக்கு மேல மாடல் பயிற்சியும் ஒழுங்கா நடந்து முடியும்!

நிரல்நாடோடி:
எனக்குப் பட்டியலே தேவையில்லை என்று தோன்றுகிறது. கிட்ஹப்பில் டாபிக் குறிச்சொல் இருக்கிறது, மாடல்களைப் பகிரும் ஹக்கிங் ஃபேஸில் மொழி வடிகட்டி இருக்கிறது, தேடினால் வந்துவிடும். ஆர்வத்தில் தொடங்கி ஆறு மாதத்தில் கைவிடும் இன்னொரு ரீட்மீ எதற்கு? பட்டியலே செத்த ரெப்போ ஆகும்போது அதை யார் வெட்டுவார்?

வெள்ளம்_சோதனை:
டாபிக் போடுறது எழுதினவரே. 'என் லைப்ரரி வெள்ளத்தைக் கெடுக்கும்'னு யாரும் குறிச்சொல் போட மாட்டாங்க.

கொம்புக்கால்:
தேடலில் வராத இன்னொன்று லைசென்ஸ். இலக்கணப் பகுப்பு லைப்ரரியான ஸ்டான்சாவின் நிரலுக்கு லைசென்ஸ் அப்பாச்சி 2.0. அதன் தமிழ் மாடல் பயின்றது யூடி தமிழ் டிடிபி மரவங்கியில் (இலக்கணம் குறித்த வாக்கியத் தொகுப்பு), 600 வாக்கியம். அந்தத் தரவின் லைசென்ஸ் கிரியேட்டிவ் காமன்ஸ், வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லாத வகை. ரெப்போவின் முகப்பில் அப்பாச்சி என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இது தெரியாது. அதனால் நிரலுக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று என இரண்டு லைசென்ஸ் கட்டம் வைக்கிறேன். 600 வாக்கியம் என்பதையும் விளக்க வரியில் போட வேண்டும். இலக்கணக் குறியீடு எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு அந்த ஒரு எண்ணே போதும்.

நிரல்நாடோடி:
தரவின் லைசென்ஸ் மாடலுக்கும் தொற்றுமா என்பது வக்கீல்களே முடிக்காத வழக்கு. பட்டியல் அதில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தரவு எது, அதன் லைசென்ஸ் எது என்று மட்டும் எழுதுங்கள். 'வணிகத்துக்கு ஆகாது' என்று சிவப்புக் குறி போட்டால் நான் எதிர்ப்பேன்.

கொம்புக்கால்:
சரி, குறி வேண்டாம்.

நிரல்நாடோடி:
பராமரிப்புக் கேள்விக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை. ஒற்றை ரீட்மீயில் இரண்டு பேர் ஒரே தலைப்பின் கீழ் வரி சேர்த்தால் புல் ரிக்வெஸ்ட் (இணைக்கக் கோரும் மாற்றம்) மோதும். ஒன்றை இணைத்ததும் மற்றவர் ரீபேஸ் செய்து தன் மாற்றத்தைப் புதிய பதிப்பின் மேல் அமைக்க வேண்டும், பாதிப் பேர் அதோடு ஓடிவிடுவார்கள். செய்வதென்றால் ஆசம்-செல்ஃப்ஹோஸ்டட் பட்டியலின் வழியில் செய்யுங்கள்: லைப்ரரிக்கு ஒரு யாம்ல் கோப்பு (கட்டம் கட்டமாக விவரம் எழுதும் உரைக்கோப்பு), தரவுக்குத் தனி ரெப்போ, ரீட்மீயைக் கருவி உண்டாக்கட்டும். அங்கே முதல் வெளியீடு வந்து நாலு மாதம் ஆகாததைச் சேர்ப்பதில்லை. கோ மொழிக்கான 'ஆசம்-கோ' பட்டியலில் முதல் கமிட்டிலிருந்து ஐந்து மாதம். வார இறுதியில் எழுதி மறந்துபோகும் ரெப்போக்களை வடிகட்ட இது போதும், 18 மாதம் வேண்டாம்.

இணைப்புச் சோதனைக்கு, வேலைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் வாரம் ஒருமுறை அட்டவணை வைப்பீர்கள். பொது ரெப்போவில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லை என்றால் அந்த அட்டவணை தானாக நின்றுவிடும். அமைதியாகக் கிடக்கும் பட்டியலுக்குத்தான் சோதனை தேவை, அங்கேதான் அது நின்றுபோகும். ஏபிஐயை டோக்கன் (அடையாளச் சாவி) இல்லாமல் அழைத்தால் மணிக்கு 60 அழைப்பு, சொந்த டோக்கனுடன் 5000. சோதனைக் கருவிக்கு 429 வந்தால் இணைப்பு செத்ததாகக் குறிக்காதீர்கள், அடிக்கடி கேட்கிறாய் என்றுதான் அதற்குப் பொருள். 301 வந்தால் முகவரி மாறிவிட்டது, புது முகவரியைக் கோப்பில் எழுதிவிடுங்கள். பழைய பயனர் பெயர் காலியாகி வேறொருவர் கையில் போய், அவர் அதே பெயரில் ரெப்போ திறந்தால் உங்கள் இணைப்பு அவருடைய ரெப்போவுக்குப் போகும்.

வெள்ளம்_சோதனை:
பட்டியலே வேண்டாம்னு வந்தவர் முழு வரைபடமும் போட்டுக் கொடுத்துட்டாரே :) ஒண்ணு சேர்த்துக்கங்க. ரீட்மீயை உண்டாக்கும்போது தமிழ்ப் பெயர்களைச் சும்மா 'சார்ட்' பண்ணி வரிசைப்படுத்தாதீங்க. யூனிகோடு வரிசையில ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவுல உட்காரும், னகரம் நகரத்துக்குப் பக்கத்துல வரும், 'க்' போய் 'கௌ'வுக்குப் பின்னால நிற்கும். தமிழ் அகரவரிசை தெரிஞ்ச ஐசியு லைப்ரரி வழியா அடுக்குங்க.

பழையகோப்பு:
நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரேல்லை. கன்வெர்ட்டர்களுக்கு என்ன விதி?

கொம்புக்கால்:
18 மாத விதியை எடுத்துவிட்டேன். சோதனையில் தேறி, கமிட் நின்றுபோனவற்றுக்கு 'பழையவை' என்று அடியில் ஒரு தலைப்பு வைக்கலாம்.

பழையகோப்பு:
அடியில எதுக்கு? தேறினால் மேல இருக்கட்டும். கடைசியா எந்தப் பைத்தான் பதிப்பில ஓடினது எண்டு ஒரு கட்டம் போடுங்கோ, காணும். சோதனைக் கோப்பு நான் தாறன். பாமினியில 'கொ' எண்டால் கொம்பு முன்னுக்கு, ககரம் நடுவில, கால் பின்னுக்கு. நீளமான சேர்க்கையை முதல் மாத்தாத கன்வெர்ட்டர் 'கெ'யை மாத்திப்போட்டுக் காலை அப்படியே ஒட்டிவிடும், மேல சொன்ன அந்த மூண்டு குறியீட்டுக் 'கொ'தான் வரும். ஆங்கிலம் கலந்த வரி ஒண்டும் வைப்பன். டிஸ்கியில ஆங்கில எழுத்துக்குத் தனி இடம் இருக்கு, பிழைக்கும். பாமினி ஆங்கில எழுத்தின்ர இடத்திலதான் தமிழை வைக்குது, அதனால ஆங்கிலச் சொல்லும் தமிழ்க் குப்பையாத்தான் வரும்.

வெள்ளம்_சோதனை:
அப்ப பாமினி கன்வெர்ட்டர் எல்லாமே அந்த வரியில ஃபெயில்.

பழையகோப்பு:
இல்லை. வெறும் உரையில எழுத்துரு விவரம் இல்லை, எந்த லைப்ரரியாலயும் உறுதியாப் பிரிக்க ஏலாது. அதைத் தோல்வி எண்டு போட்டால் பாமினித் தலைப்பே வெறுமையாகும். வேர்ட் கோப்பில ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருப் பேர் இருக்கும். அதை வாசிச்சு மாத்துற கருவிக்கு மட்டும் அந்த வரியைக் குடுங்கோ.

வெள்ளம்_சோதனை:
சரி. வேர்ட் கோப்புக்குத் தனி யாம்ல் கட்டம். முதல் புல் ரிக்வெஸ்ட்டை நீங்களே போடுங்க.