அப்டேட்: தபால்ல அனுப்பின ஃபிலிம் தப்பிச்சிருச்சு

படம் எடுக்காத பிளாக் அண்ட் ஒயிட் ரோல்களை வெளிநாட்டுல இருக்கற ஃப்ரெண்டுக்கு தபால்ல அனுப்பினா ஸ்கேன் பண்ற எக்ஸ்ரேல கெட்டுப் போயிடுமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, பார்சல் போய் சேர்ந்துடுச்சு. அவன் அதுல ஒரு ஐஎஸ்ஓ 400 (ஃபிலிம் ஒளியை உணர்ற வேகம், அதாவது ஸ்பீடு) ரோலை கேமராவுலயே போடாம, அங்க கடையில வாங்கின அதே ஃபிலிம் துண்டோட ஒரே டேங்க்ல டெவலப் பண்ணிப் பாத்தான், ரெண்டும் ஒரே மாதிரி தெளிவா இருக்கு, எக்ஸ்ரே பட்டா வர்ற மூட்டமோ அலை அலையா பட்டையோ எதுவும் இல்ல.

எக்ஸ்ரேயைத் தடுக்க ஈயப் பை போடச் சொன்னவங்களுக்கு நன்றி, ஆனா போடல. ஸ்கேனர்ல கருப்பா ஒரு கட்டி தெரிஞ்சா பார்சலைப் பிரிப்பாங்க, இல்ல மறுபடி ஸ்கேன் பண்ணுவாங்க, பல கோணத்துல இன்னும் பலமா எக்ஸ்ரே அடிக்கற சிடி ஸ்கேனர்னா அந்தப் பையை நம்பவே முடியாது. ‘எக்ஸ்ரே வேண்டாம்’ ஸ்டிக்கர் ஒட்டினேன், யாராச்சும் படிச்சாங்களான்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம் 😄 கஸ்டம்ஸ் ஃபார்ம்ல மட்டும் ‘எக்ஸ்போஸ் ஆகாத ஃபிலிம்’னு தெளிவா எழுதிட்டேன்.

ஸ்பீடு ரொம்ப அதிகமான டெல்டா 3200 ஃபிலிம் மட்டும் அனுப்பல, ஸ்பீடு ஏற ஏற எக்ஸ்ரே சீக்கிரம் பாதிக்கும், அதை அவன் அங்கயே வாங்கிக்கட்டும். ஃப்ரிட்ஜ்ல வச்ச ரோல்னா டப்பாவைத் திறக்காம சில மணி நேரம் வெளிய வச்சுட்டு பேக் பண்ணுங்க, இல்லன்னா ஈரம் படிஞ்சிடும்.