‘பாப்பம் பிள்ளை’ என்று சொன்னதுதான் என் பிழை

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் மூன்று கிராமங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு மாலையில் வாசிப்பு வகுப்பு நடத்துகிறோம். தொண்டர்களைச் சேர்ப்பதும் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. 2017 இல் தொடங்கியபோது சனசமூக நிலையத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டினோம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த பிள்ளைகள் 23 பேர் முதல் கூட்டத்துக்கு வந்தார்கள், மூன்றாவது கிழமை வகுப்பில் நின்றது 4 பேர்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தங்கச்சி எழும்பி, “அண்ணா, கடிதம் தருவியளோ? பிறகு நிரந்தரமாக்குவினமோ?” என்று கேட்டாள். எனக்கு ஆள் தேவை. “பாப்பம் பிள்ளை” என்று சொல்லிவிட்டேன்.

தொண்டர் என்ற சொல்லுக்கு எங்கள் வன்னியில் இருக்கிற பாரம் வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு லேசில் விளங்காது. யுத்த காலத்தில் ஆசிரியர் இல்லாத எத்தனையோ வகுப்புகளைத் தொண்டர் ஆசிரியர்கள்தான் தாங்கினார்கள், பிறகு நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் வருடக்கணக்காகப் போராட வேண்டி வந்தது. அந்தத் தங்கச்சியின் சித்தியும் அப்படி இருந்தவர். அந்த வீட்டில் ‘பாப்பம்’ என்றால் ‘ஓம்’ என்றுதான் அர்த்தம். எட்டு மாதம், கிழமைக்கு மூன்று நாள், மழைக்குள்ளும் சைக்கிளில் வந்தாள். எங்களிடம் நியமனம் என்று ஒன்றே கிடையாது என்பதை வேறு யாரோ சொல்லி அறிந்தபிறகு வரவில்லை. தாய் சந்தையில் என்னைக் கண்டு, சத்தம் போடாமல் சொன்னார்: “தம்பி, இல்லையெண்டு முதலே சொல்லியிருந்தா அவள் அந்த எட்டு மாசத்தில கொம்பியூட்டர் கோர்ஸ் ஒண்டு முடிச்சிருப்பாள்.”

அதற்குப் பிறகு நான் அறிவித்தல் ஒட்டுவதே இல்லை. வீட்டுக்குப் போவேன், தாய் தகப்பனுக்கு முன்னால் சொல்வேன்: பஸ் காசு உண்டு, சம்பளம் இல்லை, நியமனம் இல்லை, ஆறு மாதம் நின்றால் செய்த வேலையை மட்டும் எழுதிக் கடிதம் தருவோம். கேட்டவர்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள், அது நல்லது, வந்தவர்கள் நிற்கிறார்கள். யானை வருகிற பாதைகள் என்பதால் ஐந்தரைக்குள் வகுப்பை முடித்துப் பெண் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், அதைச் சொன்னால்தான் தகப்பன்மார் சம்மதிப்பார்கள். அரிவு வெட்டுக் காலத்தில் வயலுக்குப் போகிறவர்களை நாங்கள் கூப்பிடுவதே இல்லை.

யுத்தம் முடிந்து மீள்குடியேற்றம் நடந்தபோது உதவி நிறுவனங்கள் வேலைக்குக் காசு கொடுத்துப் பழக்கியதால்தான் சனம் சும்மா வருகுதில்லை என்று இங்கே பலர் சொல்வார்கள். நான் ஏற்கமாட்டேன். வெறும் கையோடு திரும்பி வந்தவர்களுக்கு அந்தக் காசு தேவைப்பட்டது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்தில் கிடந்தபோது பள்ளிக்கூடத்தில் சமைக்க யாரையும் நான் கூப்பிடவில்லை, இடம் போதாத அளவுக்கு வந்தார்கள், கடிதம் என்று யாரும் வாயே திறக்கவில்லை. ஒரு இரவுக்கு வருவது வேறு, ஒவ்வொரு செவ்வாயும் வருவது வேறு.

ஒவ்வொரு செவ்வாயும் வருகிறவர்களில் ஒருவர் யுத்தத்தில் காலை இழந்த அண்ணா. அவரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, தானாக வந்தார். “எனக்கு என்ன வேணும் எண்டு எல்லாரும் கேட்டு எழுதிக்கொண்டு போகினம் தம்பி, என்னால என்ன ஏலும் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை” என்றார். இப்போது கணக்குப் படிப்பிக்கிறார், வரவு இடாப்பும் அவர் கையில்தான்.

பழைய இடாப்பில் அந்தத் தங்கச்சியின் வரவை எண்ணித் தந்ததும் அவர்தான். எத்தனை நாள், எந்த வகுப்பு என்று எல்லாம் சரியாக எழுதி, அவளுக்குரிய கடிதத்தைப் போன வருடம் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் வவுனியாவில் வேலைக்குப் போயிருந்தாள். தாய் வாங்கி, வாசித்து, அலுமாரிக்குள் வைத்தார். தேத்தண்ணி குடிக்கச் சொல்லவில்லை.