வாங்குவதும் சாப்பிடுவதும் கையை மீறிப் போகின்றன, வழி சொல்லுங்கள்

அக்காமார்களே, அண்ணன்மார்களே, சிங்கப்பூர் யீஷூனிலிருந்து எழுதுகிறேன். அலுவலகத்தில் யாராவது முகம் சுளித்தால் போதும், ரயிலில் வீடு திரும்புவதற்குள் கைப்பேசியில் எதையாவது வாங்கிவிடுகிறேன். நவம்பர் 11 அன்று வரும் 11.11 இணையத் தள்ளுபடியில் வாங்கிய மூன்று பெட்டிகளை இன்னும் பிரிக்கவே இல்லை. பிறகு குற்றவுணர்வு, அதை ஆற்ற இரவு பதினொரு மணிக்கு முட்டை பரோட்டாவும் மைலோவும். பசியே இருக்காது, ஆனாலும் தட்டு காலியாகிவிடும்.

கடன் அட்டைக்கு ஆண்டு வட்டி 25 சதவீதத்துக்கு மேல். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவதால் அசல் அசைவதில்லை.

கடன் சிக்கலில் இருப்போருக்கு ஆலோசனை தரும் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்பை நாடியவர்கள் இருக்கிறீர்களா? வீட்டுக்குத் தெரியாமல் பேச முடியுமா? (அம்மாவுக்குத் தெரிந்தால் வளையலைக் கழற்றிக் கொடுத்துவிடுவார், அது வேண்டாம்.) இந்த இரவுத் தீனியைப் பற்றிப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் எப்படிப் பேச்செடுத்தீர்கள்?