மணலி புதுநகர் பக்கம் ஆற்றோரம் நாயோடு நடக்க வழி இருக்கிறதா?

வணக்கம் மக்களே. பூண்டி ஏரியில் தண்ணீர் திறப்பைக் குறைத்ததும் கொசஸ்தலையாறு மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது, ஆனால் கரையெல்லாம் சேறு. எங்கள் வீட்டில் ஒரு சிப்பிப்பாறை வேட்டை நாய். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் நாட்டு நாயும் இப்போது என் பொறுப்புதான். மழை விட்டும் மொட்டை மாடியிலேயே அடைந்து கிடப்பதால் இரண்டும் கதவைப் பிறாண்டுகின்றன. சிப்பிப்பாறையை ஓடவிடாமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

சடையங்குப்பம் பக்கம் கரைமேல் நடக்கிற மாதிரி இருக்கிறதா? இன்று காலை போனவர்கள் சொல்லுங்கள். மேலே காய்ந்தாற்போலத் தெரியும், கால் வைத்தால் உள்ளே இறங்கும். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரிகிறதா என்பதும் முக்கியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகமே கறுத்துப்போனதே! ரோமத்தில் ஒட்டினால் நாய் நக்கியே விழுங்கிவிடும்.

அப்புறம் எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த வெள்ளநீரில் அந்தக் கிருமி இருக்கும். நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரலாம். பெரியம்மாவின் நாய்க்குத் தடுப்பூசி போட்டதாகத் தெரியவில்லை, முன்னங்காலில் வெட்டுக்காயம் வேறு. அது ஆறும்வரை அதை ஆற்றுப்பக்கம் கொண்டுபோவதாக இல்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போக வேண்டும். நாயை ஏற்றிக்கொள்கிற ஆட்டோ அண்ணன் யாராவது தெரிந்தால் தனியாகச் செய்தி அனுப்புங்கள். வாடகை பேசிக்கொள்ளலாம். கடிக்காது, குரைக்கும், அவ்வளவுதான்.